வாளுக்குக் கீழே ஓர் அட்டை

இலோயிலோ
9 அக்டோபர் 1961

அன்புள்ள கார்ப்போ,

நீ கப்பல் ஏறிப் பதினோரு நாள் ஆகிறது. உன் மீசை மயிர் இன்னும் சோப்புப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழுவ மனம் வரவில்லை, அதனால் வேறு பெட்டி வாங்கிவிட்டேன். இதை அன்பு என்று எடுத்துக்கொள். சோம்பேறித்தனம் என்று எழுதினால் உன் அடுத்த கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

ஒரு செய்தி. அருங்காட்சியக இயக்குநர் செஞோர் பலாசியோ இன்று என்னைக் கூப்பிட்டார். "பிப்ரவரி ரெண்டாம் தேதி, கந்தெலாரியா மாதா திருவிழா அன்னிக்குப் புது அறையைத் திறக்கிறோம். அது நல்லபடியா முடிஞ்சா உன் வேலைய நிரந்தரம் பண்ணிடறேன் பெலிசா" என்றார். எழுதித் தரவில்லை, வாயால்தான் சொன்னார். இருந்தாலும் சொன்னார். நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறதல்லவா? என் வேலை நிரந்தரமாகிற அன்று நீ கப்பல் சமையலறையை விட்டு இறங்கி வீட்டுக்கு வரவேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரே கூரையின் கீழ் நாம் தூங்கிய நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது.

இதற்கு நடுவில் ஒரு வாள் குறுக்கே நிற்கிறது. புது அறையின் கண்ணாடி அலமாரிகள் எல்லாமே டோன்யா உர்சுலா பெல்தரான் தன் செலவில் செய்து கொடுத்தவை. எழுபது வயதுக்காரி, மகா கண்டிப்பு. நடு அலமாரியில் வைக்கத் தன் வீட்டு வாளையும் கொடுத்திருக்கிறாள். கூடவே அட்டையில் என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "கபித்தான் அனாஸ்தாசியோ பெல்தரான், சூலுவின் மோரோ தலைவன் ஒருவனைப் போரில் வென்று கைப்பற்றிய வாள்." அனாஸ்தாசியோ அவளுடைய அப்பா. அட்டையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

பிடி தெற்கத்தி வேலைதான், சூலுத் தீவு முஸ்லிம்களான மோரோக்கள் செய்வது, சந்தேகமில்லை. கொண்டையும் அலகுமாகக் காக்கட்டுவான் கிளியின் தலை. ஆனால் வாள் அந்தப் பிடியோடு ஒட்டவில்லை. எங்கே உதைக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்திருக்கிறேன். பிடியைக் கையில் பிடித்து, முனை எதிரே, வெட்டும் விளிம்பு தரையைப் பார்க்க வைத்துக்கொண்டால் எது வலப்பக்கம், எது இடப்பக்கம் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கிறேன். நீ சூலுப் பக்கம் ஹோலோ போகிறாயே, வாள் தெரிந்த யாரிடமாவது காட்டு. படத்தின் மேல் எண்ணெய் சிந்தாதே.

உன்
பெலிசா

ஹோலோ துறைமுகம்
2 நவம்பர் 1961

என் பலங்கா, என் கண்ணே,

எண்ணெய் சிந்தவில்லை. கொஞ்சம் சோயாதான். ஓரத்தில்.

உன் படங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் மீன் சந்தைக்குப் பின்னால் இம்லானி என்று ஒரு வெள்ளி வேலைக்காரரிடம் போய்ச் சேர்ந்தேன். வாள் பிடிக்கு வெள்ளிப் பூண் கட்டுவதுதான் அவர் தொழில். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். நான் வழக்கம்போல் பேசிக்கொண்டே இருந்தேன். "கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருக்கியா தம்பி, வாள் பேசட்டும்" என்றார்.

பிறகு அவரே பேசினார். "பிடி எங்க ஊருது. எங்க தாத்தா காலத்து வேலை. வாள் எங்களுது இல்ல."

"எப்படிங்க அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"நாங்க ரெண்டு பக்கமும் சரிச்சுத்தான் தீட்டுவோம். ஒரு பக்கத்தை மட்டும் சரிச்சுட்டு மறுபக்கத்தைப் பலகை மாதிரி தட்டையா விடறது யாரு? நீங்கதான், இலோயிலோ இருக்கிற பனாய்த் தீவுக்காரங்க. உன் சமையல் கத்திய எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். அட, ஆமாம்! பதினெட்டு வருஷமாக அந்தக் கத்தியைப் பிடிக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

மோரோ தலைவன், கைப்பற்றியது என்று நான் அட்டைக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "உங்க ஊர்ல சுவத்துல தொங்கறதெல்லாம் எங்ககிட்ட ஜெயிச்சதுதான் போல. அவ்வளவு பேர் தோத்திருந்தா நான் இன்னிக்கு யாருக்குப் பூண் கட்டறேன்?" பிடி மட்டும் எப்படி அங்கே போனது என்றேன். பிடியைத் தனியாகவும் விற்பார்களாம், சந்தைக்கு வருகிற எந்தக் கப்பல்காரனும் வாங்கிப் போகலாமாம். அந்தப் பிடியின் துளை அகலம், நம் ஊர் வாளில் பிடிக்குள் போகிற அடிக்காம்பு ஒல்லி. உள்ளே என்னத்தையாவது திணித்து இறுக்கியிருப்பார்கள், லேசாகச் சூடு காட்டினால் உள்ளே இருக்கிற பிசின் இளகிப் பிடி கழன்று வரும் என்கிறார்.

இன்னொன்று. சொன்னால் கோபப்படாதே. "படம் எடுத்தது யாரு? இடது வலதை மாத்தி எழுதியிருக்காங்க" என்றார். பனாய் வாளில் தட்டைப் பக்கம் இடப்புறம்தான் வருமாம். நீ வலப்புறம் என்று எழுதியிருக்கிறாய். "என் பெண்டாட்டிதான். அவளை நம்பி வண்டிக்காரன் ஒருத்தன் மோலோவுக்குப் போகாம நேரா கடலுக்குள்ள போயிருப்பான்" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். நல்ல மனிதர்.

உன்
கார்ப்போ

இலோயிலோ
15 நவம்பர் 1961

கார்ப்போவுக்கு,

கடிதம் கிடைத்தது.

படம் எடுத்த அன்று மூன்று முறை சரிபார்த்தேன். உன் கடிதம் வந்த பிறகு நான்காம் முறை பார்த்தேன். தட்டைப் பக்கம் வலப்புறம்தான். நான் பதினோரு வருஷமாகப் பொருட்களுக்குப் பதிவு எழுதிப் பிழைக்கிறேன். என் வலது கை எது என்று எனக்குத் தெரியும். வண்டிக்காரன் விஷயத்தில் தப்பு அவனுடையது, அதுவும் உனக்குத் தெரியும்.

முன்பின் தெரியாத மனிதரோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். காப்பி நன்றாக இருந்திருக்கும்.

கூரை ஒழுகுகிறது. நானே பார்த்துக்கொள்கிறேன்.

பெலிசா

சாம்போவாங்கா
27 நவம்பர் 1961

பலங்கா,

அடேயப்பா, என்ன கோபம்! சரி, தவறு என்னுடையதாகவே இருக்கட்டும். ஆனாலும் இங்கே இன்னும் மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் பாசிலானில் கொல்லர். ஒருவர் நம்ம பக்கத்துக்காரர், பழைய கத்தி வாங்கி விற்கிறவர். மூவரும் அதையேதான் சொல்கிறார்கள். இம்லானியோடு நாலு பேர். நாலு பேரும் சொல்லிவைத்தாற்போல் தப்புச் சொல்வார்களா? அவசரத்தில் யாருக்கும் கை மாறும். ஐந்தாம் முறை ஒருமுறை பாரேன்.

கருவாடு அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பிடித்த சின்ன வகை.

கார்ப்போ

செபு
14 டிசம்பர் 1961

என் பெலிசா,

இரண்டு துறைமுகத்தில் ஏஜெண்டு அலுவலகத்துக்குப் போய், கடிதம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாவது இடத்தில் அந்தக் கணக்குப்பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "வீட்ல சண்டையா அண்ணே?" என்று கேட்டே விட்டான்.

மன்னித்துவிடு. மழுப்பவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். நீ மாற்றி எழுதவில்லை. எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். சிரி. உனக்குச் சிரிக்க உரிமை உண்டு.

போன வாரம் எனக்குக் கட்டைவிரலில் கொப்புளம். இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற பந்தோய் இருக்கிறானே, ஐந்து பிள்ளைக்காரன், சமையலறையில் உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருந்தான். "சும்மாதானே இருக்கே, இந்தப் பூசணியக் கொஞ்சம் நறுக்கு" என்று என் கத்தியைக் கொடுத்தேன். நறுக்கினான். ஒரு துண்டு விரல் கனம், அடுத்தது உள்ளங்கை கனம். ஒவ்வொன்றும் கோணல். ஆப்பு ஆப்பாக வந்து விழுகிறது.

"என்னடா இது, உன் பெண்டாட்டி உன்ன அடுப்படிக்குள்ள விடறதே இல்லையா?" என்றேன்.

"உன் கத்திதான் கோணல். வெட்டவெட்ட ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவுது!"

என் கத்தியைக் கோணல் என்று இதுவரை எவனும் சொன்னதில்லை. பிடுங்கி நான் வெட்டினேன். நேராக இறங்கிற்று. திரும்ப அவனிடம் கொடுத்தேன், கோணிற்று. அப்போதுதான் பார்த்தேன், பலங்கா. பந்தோய் இடது கைக்காரன். ஒரு பக்கம் மட்டும் சரித்த கத்தி வலது கைக்கு நேராகப் போகும், இடது கைக்கு இழுக்கும். இடது கைக்காரன் நேராக வெட்ட வேண்டுமென்றால் கத்தியை மறுபக்கமாகச் சரித்துத் தீட்ட வேண்டும். அப்படித் தீட்டினால் தட்டைப் பக்கம் எங்கே வரும்? வலப்புறம். நீ எழுதியது போலவே.

நாங்கள் ஐந்து பேரும் வலது கைக்காரர்கள். அதனால்தான் ஐந்து பேருக்கும் நீ தப்பாகத் தெரிந்தாய். அந்த வாள் இடது கைக்காரன் ஒருவனுக்காக, அவன் கையைப் பார்த்துச் செய்தது.

உறையையும் எடுத்துப் பார். இடுப்புக் கயிறு மாட்டுகிற முண்டு எந்த முகத்தில் இருக்கிறது? அதுவும் மாறியிருந்தால் இனிப் பேச்சே வேண்டாம்.

பூசணிக் குழம்பை எல்லோரும் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். கடிதம் போடு.

உன் மடையன்
கார்ப்போ

இலோயிலோ
29 டிசம்பர் 1961

என் மடையனுக்கு,

அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னால் உன் கடிதத்தைப் படித்து, பூசணி வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். செஞோர் பலாசியோ மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோபம் போய்விட்டது. கருவாடு வந்த அன்றே பாதி போய்விட்டது, உன்னிடம் சொல்லக் கூடாதென்று இருந்தேன்.

உறையைப் பார்த்தேன். முண்டு மாறித்தான் இருக்கிறது. வலது இடுப்பில் கட்டி, இடது கையால் உருவுகிற உறை. சந்தையில் கத்தி தீட்டுகிற மனுவேலிடமும் வாளைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்க் காட்டினேன். நீ சொல்லிக்கொடுத்த எதையும் அவரிடம் சொல்லவில்லை. விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்து வேலைதான். இடது கைக்காரன் யாரோ காசைப் பாக்காம செய்யச் சொல்லியிருக்கான். மாத்தித் தீட்டறது பெரிய பாடும்மா, எனக்கே கை ஓடாது" என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. செஞோர் பலாசியோ சாப்பிடப் போன நேரத்தில் வெந்நீரில் துணியை நனைத்து வெள்ளிப் பூணைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிசின் வாசனை கிளம்பியது, பிடி தானாகக் கையோடு வந்தது. உன் இம்லானி சொன்னது சரி. காம்பு ஒல்லி. அதைச் சுற்றித் தாள் மடித்துத் திணித்திருந்தது. பழுத்துப் போன ஸ்பானியச் செய்தித்தாள். ஊசியால் பிரித்தேன். கப்பல்கள் வந்துபோன பட்டியல், அரிசி விலை, மேலே ஓரத்தில் "இலோயிலோ, மார்ச் 1901".

உட்கார்ந்துவிட்டேன் கார்ப்போ. மார்ச் 1901 என்றால் அமெரிக்கர்களோடு நடந்த சண்டை இங்கே ஓய்ந்த நேரம். சரணடைந்தவர்களிடம் ஆயுதம் வாங்கிக் குவித்த நேரம். அப்போது இந்த ஊரில் ஒருவர் தன் சொந்த வாளின் பிடியைக் கழற்றிவிட்டுத் தெற்கத்திப் பிடியை மாட்டியிருக்கிறார். எதற்கு? அது தன் வாள் இல்லை என்று காட்டத்தான். ‘இது எங்கேயோ பிடித்தது, சுவரில் மாட்டும் அலங்காரம்’ என்று சொல்லிக்கொள்ள. சண்டை போட்டது தாம் இல்லை என்று சொல்லிக்கொள்ள.

கைப்பற்றிய வாள் என்பது பொய். ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் இருக்கிற மனிதர், பொய்யில் வருகிறவரைவிடப் பெரிய ஆள். டோன்யா உர்சுலாவிடம் நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்!

முத்தங்களுடன்
பெலிசா

இலோயிலோ
17 ஜனவரி 1962

கார்ப்போ,

அவள் சந்தோஷப்படவில்லை.

ஹாரோவில் அவள் வீட்டுக்குப் போனேன். கெட்டியான சாக்லேட் வந்தது, மொறுமொறு பிஸ்கோச்சோ ரொட்டி வந்தது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கண்ணை எடுக்காமல் கேட்டாள். இடது கை என்று நான் சொன்ன இடத்தில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க வீட்ல இடது கைக்காரங்க யாரும் கெடையாது."

"உங்க அப்பா ஒருவேளை..."

"எங்க அப்பா செத்தப்ப எனக்குப் பத்து வயசு. காலரா. எங்க அம்மா அவரோட கதையெல்லாம் சொல்லி வளத்திருக்காங்க. அவர் மோரோ தலைவன ஜெயிச்சவர். நீ வந்து அவரைப் பொய்க்காரர்ங்கறியா? என் சாக்லேட்டைக் குடிச்சிக்கிட்டே?"

"பொய்க்காரர்னு சொல்லல டோன்யா. சண்டை போட்டவர்னு சொல்றேன்."

"நீ போகலாம்" என்றாள். வாசல்வரை யாரும் கூட வரவில்லை.

நான் அலுவலகம் திரும்புவதற்குள் செஞோர் பலாசியோவுக்குச் செய்தி போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "பெலிசா, அந்தம்மா அலமாரியத் திருப்பிக் கேட்டா நான் திருவிழாவுக்கு எதைத் திறக்கறது? அவங்க சொன்ன மாதிரி ஒரே ஒரு அட்டை. அத்தோட உன் வேலையும் நிரந்தரம். இல்லேன்னா பிப்ரவரியோட முடிஞ்சது. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரே ஒரு அட்டை. உள்ளங்கை அகலம் இருக்குமா? அதில் நாலு வரி. எழுதி வைத்துவிட்டால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். இதை எழுதும்போது உன் தலையணையைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு மனம் கேட்கிறது. கிழவி மகிழ்வாள், இயக்குநர் மகிழ்வார், நாம் மகிழ்வோம். ஆனால் பேனாவை எடுத்தால் கை நகர மறுக்கிறது. நான் எழுதுகிற பதிவை ஐம்பது வருஷம் கழித்து எவளாவது ஒருத்தி நம்புவாள்.

நீ சொல். இந்த முறை நீ சொல்கிறபடி செய்கிறேன். நிஜமாக.

பெலிசா

ஹோலோ
25 ஜனவரி 1962

பலங்கா,

இது இரண்டாவது கடிதம். முதலில் எழுதியதைக் கடலில் போட்டுவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று மறைக்க மாட்டேன். "அவள் சொல்வதையே எழுதிவிடு" என்று இருந்தது. நாலு பக்கம். எனக்கு வீட்டுக்கு வரவேண்டும், பெலிசா. இந்தச் சமையலறையின் சூடும் ஆட்டமும் சலித்துவிட்டது. உன் பக்கத்தில் படுத்து, நீ என்னைத் திட்டிக்கொண்டே தூங்கிப் போவதைக் கேட்க வேண்டும். நாலு பக்கமும் இதுதான்.

தபாலில் சேர்க்கப் போகும் வழியில் இம்லானி கடை. பந்தோய் பூசணி வெட்டிய கதையைச் சொன்னேன், தொடையைத் தட்டிச் சிரித்தார். "உன் பெண்டாட்டிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டதா எழுது. கிழவன் கண்ணு பழகினதத்தான் பாக்குது" என்றார். பிறகு, "அப்ப அட்டைய மாத்தியாச்சா?" என்றார்.

நான் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் சிரித்தார், ஆனால் முதல் தடவை மாதிரி இல்லை. "பரவால்ல தம்பி. தோத்தவங்க கணக்குல எங்கள்ல இன்னும் ஒருத்தன். எங்களுக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாயே. அந்த மனிதருக்கு. எனக்குக் காப்பி கொடுத்தவருக்கு.

உண்மையை எழுது. உன் கையெழுத்தைப் போடு. வேலை போனால் போகட்டும். நான் இன்னும் பத்து வருஷம் கப்பலில் பூசணி வெட்டுகிறேன், குடி முழுகிப் போகாது. ஆனால் பொய் எழுதிய பெலிசாவின் பக்கத்தில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது, உனக்கும் வராது. பிறகு இரண்டு பேரும் விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்க வேண்டியதுதான். அது ஒழுகுகிறது என்று வேறு எழுதியிருந்தாய்.

உன்
கார்ப்போ

இலோயிலோ
3 பிப்ரவரி 1962

என் கார்ப்போ,

உன் கடிதம் முந்தாநாள் மாலை வந்தது. நேற்றுத் திறப்பு விழா. விடியும்போதே போய், பிடியை மறுபடி மாட்டியிருந்த வாளுக்குக் கீழே நான் எழுதிய அட்டையை வைத்தேன். "போர் வாள். பனாய்த் தீவில், இடது கைக்காரர் ஒருவருக்காகச் செய்யப்பட்டது. சூலுப் பிடி 1901இல் பொருத்தப்பட்டது." கீழே என் பெயர். செஞோர் பலாசியோ வந்தார், படித்தார், அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாளைக்கு வந்து உன் சாமான எடுத்துக்கோ" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், பாவம்.

திருப்பலி முடிந்து கூட்டம் வந்தது. டோன்யா உர்சுலாவும் வந்தாள், கறுப்பு உடை, கையில் குடை. என்னைப் பார்க்கவில்லை. நேராக நடு அலமாரிக்குப் போனாள்.

"தெற."

செஞோர் பலாசியோவே ஓடிப் போய்த் திறந்தார். அவள் வாளை எடுத்தாள். வலது கையில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஏதோ தப்புச் செய்கிறவள் மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டு, இடது கைக்கு மாற்றினாள். மணிக்கட்டு நேரானது. பேச ஆரம்பித்தபோது என்னிடம்தான் பேசினாள்.

"பள்ளிக்கூடத்துல கன்னியாஸ்திரீங்க என் இடது கைய நாற்காலியோட சேத்துக் கட்டிருவாங்க. மூணு வருஷம் கட்டினாங்க. வீட்டுக்கு வந்தா அம்மா அந்தத் தழும்பத் தடவிக்கிட்டே, 'யாரக் கொண்டு பொறந்தியோ'ன்னு அழுவாங்க. யாரக் கொண்டுன்னு கடைசி வரைக்கும் சொல்லல. சாகிற அன்னிக்குக்கூடச் சொல்லல."

வாளை இன்னும் இடது கையிலேயே பிடித்திருந்தாள்.

"வீட்ல இடது கைக்காரங்க யாரும் கெடையாதுன்னேன் உன்கிட்ட. நான் இருக்கேன். அறுபது வருஷமா ஒளிச்சு வெச்சுக்கிட்டு இருக்கேன். நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து தூக்கமே இல்ல. எனக்கு ஒம்போது வயசு அப்ப. சிப்பாய்ங்க வீடு வீடா வந்தாங்க. ஊர் நடுவுல பிளாசால கத்தி குவிஞ்சு கெடந்துச்சு. அப்பா படிக்கட்டுல நின்னுக்கிட்டு, 'இது மோரோகிட்ட ஜெயிச்சது, சுவத்துல மாட்டற சாமான்'னாரு. அம்மா பின்னாடி நின்னு என் தோளப் பிடிச்சு அழுத்தினாங்க, வலிச்சுது. எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும். அவருக்குக் கடல் ஒத்துக்காது. எதிர்க்கரை நீக்ரோஸ் தீவுக்குப் போறதுக்கே வாந்தி எடுப்பாரு. சூலுவுக்கு எங்க போனாரு!"

சிரித்தாள், கார்ப்போ. அழுதுகொண்டே சிரித்தாள். அந்தக் கண்டிப்புக்காரியை நான் கட்டிக்கொண்டேன். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

பிறகு கவிழ்ந்து கிடந்த அட்டையைத் தன் கையாலேயே நிமிர்த்தினாள். இரண்டு முறை படித்தாள். "'ஒருவர்'னு போட்டிருக்கே. அவருக்குப் பேர் இல்லையா? அனாஸ்தாசியோ பெல்தரான்னு எழுது. நான் சொல்லியனுப்பின மோரோ தலைவன மறந்துடு, பாவம், அந்த மனுஷன் பொறக்கவே இல்ல" என்றாள். எல்லோருக்கும் முன்னால் எழுதினேன். முதலில் கை தட்டியவர் யார் தெரியுமா? செஞோர் பலாசியோ. திங்கட்கிழமை உத்தரவு தருகிறேன் என்று காதோடு சொன்னார். எழுத்தில் வரட்டும், பார்ப்போம். வந்தாலும் வராவிட்டாலும் நீ இறங்கி வா. இந்த வார்த்தையை இனி எந்த ஒப்பந்தத்தோடும் முடிச்சுப் போடப் போவதில்லை.

கிளம்பும்போது டோன்யா உர்சுலா வாசலில் வருகைப் புத்தகத்துக்கு முன் நின்றாள். புதுப் புத்தகம், முதல் பக்கம். நான் பேனாவை நீட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டாள். தன் பெயரை எழுதி முடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. முதல் வகுப்புப் பிள்ளை எழுதியது போல ஒவ்வோர் எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்து வரியை விட்டுக் கீழே விழுந்துவிட்டது. பின்னால் ஆளுநர் மனைவிவரை வரிசையாகக் காத்து நின்றார்கள். எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு, மை பட்ட விரல்களைத் துடைக்காமலே குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பக்கத்தில் வேறு யாரையும் நான் எழுத விடவில்லை.

உன்
பெலிசா